அம்மாவுக்கு ஒரு சப்பாத்து

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளானில் ஒரு பேரங்காடியின் சப்பாத்துக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். கூட்டிப் போனேன் என்பதைவிட இழுத்துப் போனேன் என்பதுதான் சரி. கடையில் வேலை செய்த மலாய்க்காரப் பையன் மண்டியிட்டு அவர் காலைப் பிடித்து அளவுப் பலகையில் வைக்கப் பார்த்தான். அம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "தா பாயா, டிக், தா பாயா" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "காலப் போயி தொட விடுவாங்களாடி" என்றார்.

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. எட்டு மணி நேரம், நான்கு மாடி, முழுக்க முழுக்க பளிங்குத் தரை. குத்தகை நிறுவனம் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு கறுப்புச் சப்பாத்தைக் கொடுத்து, அதன் விலையை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. முன்பக்கம் கூராக இருக்கும். அடிப்பாகம் அட்டை மாதிரி. அதைப் போட்ட மூன்றாம் மாதத்திலிருந்து, காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்க ஆரம்பித்தேன். பத்து அடி நடந்த பிறகு சரியாகிவிடும். "வயசாச்சுல்ல" என்பார். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் குதிகாலை அமுக்கிப் பார்த்து, 'பிளாண்டார் ஃபாசியைடிஸ்' என்று எழுதிக் கொடுத்தார். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த தசைநார்ப் பட்டையில் வரும் கோளாறு. மாத்திரையைவிட சப்பாத்தை மாற்றுவதுதான் முக்கியம் என்றார்.

கடைக்கு வருவோம். ஆறாம் நம்பர் நீளம் சரி, அகலம் போதவில்லை. ஏழு போட்டால் குதிகால் கழன்று வந்தது, விரல் பக்கம் அப்போதும் இறுக்கம். எட்டு போட்டால் படகு. பையன் நல்லவன், சலித்துக்கொள்ளவில்லை. கடைசியில் சிரித்தபடி, "ஆண்ட்டி, காக்கி லேபார்லா" என்றான். கால் அகலமாம். பெண்கள் பகுதியில் இந்தக் காலுக்கு ஒன்றும் இல்லை, ஆண்கள் பகுதிக்குப் போய்ப் பாருங்கள் என்று கை காட்டினான்.

அம்மா தன் காலைக் குனிந்து பார்த்தார். விரல்கள் விசிறிபோல் விரிந்த கால். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இன்னொரு விரலே வைக்கலாம். அந்தக் காலை வேகமாகப் பழைய சிலிப்பருக்குள் நுழைத்துக்கொண்டு, "இது தோட்டத்துக் காலு. இதுக்கெல்லாம் எவன் சப்பாத்து செய்யப் போறான். வா, போலாம்" என்றார்.

நான் ஓர் அலுவலகத்தில் கணக்கர். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் முதல் ஆள். அதனால்தானோ என்னவோ, அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. தோட்டத்துக் காலுக்கு எவன் சப்பாத்து செய்தான்? விடை தேடிப் பல மாதம் படித்தேன், வயதானவர்களிடம் கேட்டேன். கிடைத்ததில் பெரும்பகுதி எனக்குத் தெரியாமலேயே இருந்த விஷயங்கள்.

முதலில் அந்தக் காலைப் பற்றி. அம்மா பதினான்கு வயதில், 1976இல், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவப் போனவர். விடியுமுன் பெரட்டு. பிறகு இருட்டோடு இருட்டாக நிரைக்குள் நுழைந்துவிட வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் உறைந்துவிடும். ஒரு நாளைக்கு நானூறு மரத்துக்குமேல். மரத்துக்கு மரம் நடை, குனிவு, ஓர் அரைவட்டம், மறுபடி நடை. வெட்டி முடித்துத் திரும்ப வந்து மங்கு மங்காக வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிப் போக வேண்டும். இத்தனையும் வெறுங்காலில். சிலிப்பர் வீட்டில் இருந்தது. ஆனால் மழை பெய்த மேட்டில் சிலிப்பர் வழுக்கும், வார் அறுந்துபோகும், சேற்றில் மாட்டிக்கொள்ளும். "வெறுங்கால்னா வெரலு மண்ண கவ்விக்கும்" என்கிறார் அம்மா. வாளியிலிருந்து சிந்தும் பால் புறங்காலில் விழுந்து காய்ந்துவிடும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அதைத் தோல் உரிப்பதுபோல் உரிப்பார்களாம். அந்த வயதில் அவர் காலில் போட்ட ரப்பர் அது ஒன்றுதான்.

இந்த விரிந்த கால் ஒரு குறை என்று அம்மா நம்புகிறார். உண்மை வேறு. 1992இல் தென்னிந்தியாவில் நான்கு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையிலான 2300 பிள்ளைகளை ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். சப்பாத்து, செருப்பு போட்டு வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 விழுக்காடு. வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். மூடிய சப்பாத்துப் போட்டவர்களிடம்தான் அதிகம். 2009இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்தியாவில் வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்தவர்களை அளந்து பார்த்தது. அவர்கள் பாதம் ஒப்பீட்டில் அகலமானது, உடம்பின் பாரம் அதில் சமமாகப் பரவுகிறது. கால் தன்பாட்டுக்கு வளர்ந்தால் அப்படித்தான் வளரும் போலிருக்கிறது. கடையில் அடுக்கியிருந்த சப்பாத்துகள் எல்லாம் குழந்தையிலிருந்தே மூடிவைத்து ஒடுங்கிப்போன கால்களை வைத்துச் செய்த அச்சில் வார்த்தவை. பொருந்தாததற்கு அம்மாவின் காலைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் வெறுங்காலைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம் கொக்கிப்புழு.

1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் கையில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. அரித்தது. சில வாரம் கழித்து அவர் மலத்திலேயே புழுமுட்டை இருந்தது. வாய்வழியாகத்தான் இந்தப் புழு போகிறது என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு, தோலைத் துளைத்தே உள்ளே போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஈரமான, நிழலான மண்ணில் அது காத்திருக்கும். விரலிடுக்கில் ஏறும். ரத்தத்தில் கலந்து நுரையீரல் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் கொக்கி மாட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஈரம், நிழல், கக்கூஸ் இல்லாத லயம், வெறுங்கால். ரப்பர்க் காட்டைவிட அதற்குத் தோதான இடம் வேறு எது?

பனாமாக் கால்வாய் கட்டும்போது அங்கே வேலை பார்த்த சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவரின் தலைமையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு குழுவை அனுப்பியது. 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் அவர்கள் ஆராய்ந்தார்கள். 1920இல் அறிக்கை வந்தது. தோட்டங்களில் 'சோம்பேறித் தமிழன்' என்று துரைமார் திட்டிக்கொண்டிருந்த பலருக்கு உடம்பில் ரத்தமே இல்லை என்பதை இதைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த ஒழிப்பு இயக்கத்தில், கக்கூஸோடு சேர்த்துச் சப்பாத்தும் பிரசாரத்தில் இருந்தது. மலாயாத் தோட்டத்தில் மருந்தும் கக்கூஸும் மெல்ல மெல்ல வந்தன. கால் வெறுங்காலாகவே இருந்தது. அறிக்கை வெளிவந்து ஐம்பத்தாறு வருடம் கழித்து அம்மா நிரைக்குள் இறங்கியதும் வெறுங்காலோடுதான்.

ஏன் என்று கேட்டால் விலையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. விலையும் ஒரு காரணம்தான். 1930இல் உலக மந்தம் வந்தபோது ஆண்களின் நாட்கூலி ஐம்பது காசிலிருந்து நாற்பதுக்கும், பெண்களுக்கு நாற்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கும் இறங்கியது. சோற்றுக்கே இழுபறி. ஆனால் காலில் எதைப் போடுவது என்பது நம்மிடம் காசுக் கணக்காக மட்டும் இருந்ததே இல்லை. மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் ஊரில் மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் சாதித் தெரு இல்லை. துரையின் பங்களாப் பாதை இருந்தது. முழங்கால்வரை காலுறையும் தோல் பூட்ஸும் துரைக்கு. சப்பாத்து கிராணிக்கு. சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து நாம் வாங்கியது. மலாய்க்காரர்களின் 'செபாத்து'வும் அதே வழியில் வந்ததுதான். கடல்தாண்டி வந்த ஒரு பொருளின் பெயர். எங்கள் பாட்டி அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் குரல் தானாகத் தாழும். 'சப்பாத்துக்காரவுங்க' என்றால் ஆபீஸ் ஆட்கள் என்று பொருள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். 'தமிழ் நேசன்' துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒன்று இது: துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். கூலி, பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடை, பெண்களிடம் நடக்கும் அத்துமீறல் எல்லாம் பட்டியலில் உண்டு. சப்பாத்து இல்லை. நான் அந்தப் பட்டியலை இரண்டு மூன்று முறை தேடிப் பார்த்தேன். சைக்கிளில் உட்கார்ந்தே போகும் உரிமைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர்களுக்கு, சைக்கிளை மிதிக்கும் காலில் ஏதாவது இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. இல்லாதது என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். முதலில் சோறு, பிறகு மானம், மற்றதெல்லாம் அப்புறம் என்று தெளிவாகவே வரிசைப்படுத்தியிருக்கலாம்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அவர்கள் வெட்டிய பால் எங்கே போனது? கார் டயருக்கு என்று பள்ளிப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சரிதான். ஆனால் சப்பாத்துக்கும் போனது. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, துணிச் சப்பாத்துக்கு ரப்பர் அடி ஒட்டுவது பெரிய தொழிலாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1916இல் கெட்ஸ், 1917இல் கான்வெர்ஸ் ஆல் ஸ்டார். சத்தமில்லாமல் நடக்கலாம், வழுக்காது, காலுக்கு இதம் என்று விற்றார்கள். பிரிட்டனில் டென்னிஸ் சப்பாத்து விற்ற டன்லப்புக்கு மலாயாவிலேயே பெரும் தோட்டங்கள் இருந்தன.

வெள்ளைக்காரனோடும் கதை முடியவில்லை. சிங்கப்பூரில் தான் கா கீ 1920களில் சும்பாவா ரோட்டில் நடத்திய தொழிற்சாலையில் ரப்பர்ச் சப்பாத்தும் தயாரானது. அன்னாசியில் தொடங்கி ரப்பருக்கு வந்து, ரப்பரைப் பாலாக விற்பதைவிடப் பொருளாக விற்பதில்தான் பிழைப்பு இருக்கிறது என்று கண்டுகொண்ட ஆள் அவர். உலக மந்தமும் ஜப்பானின் மலிவுச் சரக்கும் சேர்ந்து அடித்ததில் 1934இல் நிறுவனத்தை மூடினார். ஆக, சிலாங்கூர்த் தோட்டத்துக்கும் ரப்பர்ச் சப்பாத்துத் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு நாள் ரயில் பயணம்தான். பால் அந்தப் பயணத்தைப் போனது. சப்பாத்து திரும்பி வரவில்லை.

அந்த ஜப்பான் மலிவுச் சரக்குக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. ஜப்பானியத் தொழிலாளர்கள் வைக்கோலில் பின்னிய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். சீக்கிரமே பிய்ந்துவிடும். ஆணி குத்தும். குருமே என்ற ஊரில் 'தாபி' எனப்படும் காலுறை தைத்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்த இஷிபாஷி ஷோஜிரோ, அந்தக் காலுறைக்கு ரப்பர் அடி ஒட்டி 1923இல் விற்க ஆரம்பித்தார். பெயர் ஜிகாதாபி. பெருவிரல் தனியே பிரிந்து நிற்கும். மீக்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் போட்டுப் பார்த்து நல்லது என்றார்கள், நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பணத்தில் அவர் 1931இல் தொடங்கியதுதான் பிரிஜ்ஸ்டோன் டயர் கம்பெனி. கவனித்தீர்களா? செருப்பு வாரைப் பிடித்துப் பழகிய, விரல் விரிந்த, உழைக்கும் காலைப் பார்த்து, அந்தக் காலின் வடிவத்திலேயே ஒரு சப்பாத்து. அம்மாவின் கால் அதற்குள் அப்படியே போய் உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சப்பாத்தும் இங்கே வந்தது. 1941 டிசம்பரில், சைக்கிளோடும் துப்பாக்கியோடும் வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் பலரின் காலில். அடுத்து நடந்ததை நான் விரித்து எழுதப் போவதில்லை. சயாம் மரண ரயிலைப் பற்றி நம்மிடம் நாவல்கள் உண்டு, நேர்காணல்கள் உண்டு. தாத்தாவின் அண்ணன் அங்கே போய்த் திரும்பியவர். அவரைப் பற்றி வீட்டில் பேசினால் பேச்சு கடைசியில் அவர் காலில்தான் வந்து நிற்கும். மூங்கில் கீறி, புண்ணாகி, எலும்பு தெரிய அழுகிய கால். சாகும்வரை இடது காலில் வேட்டியை இறக்கிவிட்டே நடந்தாராம்.

போருக்குப் பிந்தைய காலத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகளின் காலில் சப்பாத்து ஏறுகிறது. அதுவும் வேலைக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு. செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரத்து பாட்டா 1930களிலேயே சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் வந்துவிட்டது. நம்மில் பலர் அதை உள்ளூர்க் கம்பெனி என்றே நினைத்து வளர்ந்தோம். கிள்ளானிலேயே ஃபுங் கியோங் தொழிற்சாலை இருந்தது. 'பேட்மிண்டன் மாஸ்டர்' சப்பாத்தை இன்றைக்கு நாற்பதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் முகம் மலரும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்குமாக வெள்ளைத் துணிச் சப்பாத்து ஒரே ஜோடி. பெரியம்மா காலைப் பள்ளி, அம்மா மதியப் பள்ளி. நடுவழியில், ஒரு செம்மண் திருப்பத்தில், சப்பாத்து கால் மாறும். பெரியம்மா வெறுங்காலோடு வீட்டுக்கு, அம்மா ஈரச் சப்பாத்தோடு பள்ளிக்கு. பெரியம்மாவுக்கு வர நேரமாகிவிட்டால் அம்மாவுக்கும் வாத்தியாரிடம் அடி. 2018இல் கல்வியமைச்சர் பள்ளிச் சப்பாத்தின் நிறத்தை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற்றுவதாக அறிவித்தபோது நாடே கேலி செய்தது. அம்மா மட்டும், "நல்ல காரியம். வெள்ளச் சப்பாத்த தேச்சே என் கை போச்சு" என்றார்.

தோட்ட வேலைக்கென்று ஒரு சப்பாத்து வராமலே போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். முழுக்க ரப்பரில் ஒரே வார்ப்பாக வார்த்த கறுப்புச் சப்பாத்து. அடியில் முண்டு முண்டாகப் பிடிப்பு. தையல் கிடையாது, நாடா கிடையாது. தண்ணீர் போனால் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். விலை சில வெள்ளிதான். பால்மரக்காரர்கள், செம்பனைக்காரர்கள், ஓராங் அஸ்லி மக்கள், காய்கறித் தோட்டக்காரர்கள் எல்லாரும் போட்டார்கள். 'அடிடாஸ் கம்போங்' என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மலையேறும் இளைஞர்கள் ஐந்நூறு வெள்ளிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். சேற்றில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது உண்மை. எனக்கும் ஒரு கட்டத்தில், ஆகா, கிடைத்துவிட்டது, உழைக்கிறவன் காலுக்கு இந்த மண் செய்த சப்பாத்து என்று உணர்ச்சி பொங்கியது. ஒரு ஜோடி வாங்கிப் போய் அம்மா முன்னால் வைத்தேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இத நீ போட்டுப் பாத்திருக்கியா? கால் வெந்துரும். மத்தியானம் கழட்டுனா நாத்தம் லயம் முழுக்க வரும். கொப்புளம் வேற. மேடு ஏறத்தான் இது. டைல்ஸ்ல எட்டு மணி நேரம் இதப் போட்டு நின்னா மறுநா ஆஸ்பத்திரிதான்."

அம்மா சொன்னதில் மொத்த விஷயமும் இருந்தது. தோட்டம் வேறு தரை. 1980களின் கடைசியில் அம்மாவின் தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். ஆள் பாதி போதும் என்றார்கள். லயத்தைக் காலி செய்துவிட்டு மேரு வட்டாரத்துக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் அம்மா இருபது வருடத்துக்குமேல் நின்றார். மறுபடியும் ரப்பர்ப் பால்தான். கை வடிவத்தில் செய்த பீங்கான் அச்சுகள் வரிசையாக வந்து பாலில் முங்கி எழும். சிறிது, நடுத்தரம், பெரிது என்று ஒவ்வொரு கைக்கும் ஓர் அச்சு. உலகத்தில் இருக்கிற டாக்டர்களின் கையெல்லாம் அந்தத் தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது. நிற்பவர்களின் காலடியில் சிமெண்டு.

மண் கொஞ்சம் அமுங்கும், சரியும், ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும். ஒரே தசை நாள் முழுக்க அடிவாங்காது. சிமெண்டில் ஒவ்வோர் அடியும் ஒரே அடி. வயது ஏற ஏறக் குதிகாலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பு மெத்தை வேறு மெலிந்துவிடும். மண்ணில் நாற்பது வருடம் நடந்திருக்கக்கூடிய காலை, இருபது வருடச் சிமெண்டும் ஒரு கூர்முனைச் சப்பாத்தும் முடித்துவிட்டன. நிற்பதும் உழைப்புதான் என்று சட்டங்கள் ஒத்துக்கொள்ள வெகுகாலம் ஆகியிருக்கிறது. பிரிட்டனில் 1899இலேயே கடைப் பெண்களுக்கு உட்கார இடம் கொடுக்கச் சட்டம் போட்டார்கள், மூன்று பேருக்கு ஓர் இருக்கை. 2017இல் பிலிப்பீன்ஸ், பெண்களைக் குதியுயர்ந்த சப்பாத்துப் போடச்சொல்லி முதலாளிகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் துணிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாக வந்தது 2021இல்தான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒக்காந்தா சூப்பர்வைசர் வந்து நிப்பாரு" என்றார், சட்டம் எந்த நாட்டில் என்றுகூடக் கேட்காமல்.

கடைசியில் எங்களுக்கு உதவியவர் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். அவர் சொன்னது எல்லாம் எளிமையானவை, ஆனால் எந்தக் கடையிலும் யாரும் சொல்லாதவை. சப்பாத்தைக் காலையில் வாங்காதீர்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பிறகு, மாலையில் போங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்குங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கையில் பிடித்து மடக்கிப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். குதிகாலைச் சுற்றும் பின்பகுதி அமுக்கினால் நசுங்கக் கூடாது. உள்ளிருக்கும் மெத்தை தனியாகக் கழற்ற வருகிறதா பாருங்கள், வந்தால் வளைவுக்கு ஏற்றதாக வேறு வாங்கி வைக்கலாம். 'ஆண்', 'பெண்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு தாளில் காலை வைத்து வரைந்து, வெட்டி, அதைக் கடைக்குக் கொண்டு போங்கள். சப்பாத்துக்குள் அந்தத் தாள் மடங்காமல் உட்கார்ந்தால்தான் கால் உட்காரும்.

தாளில் வரைவதில்தான் பெரிய சிக்கல். வீட்டில் இருந்தது தமிழ்ப் பத்திரிகை. "எழுத்து மேல கால வைக்கச் சொல்றியா?" என்று அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். சரி, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் என்றேன். முன்பக்கம் முருகன். மலாய்ப் பத்திரிகை வாங்கி வரட்டுமா என்றால், அதுவும் எழுத்துதானே என்கிறார். கடைசியில் ஒரு மைலோ பெட்டியைப் பிரித்து, உள்பக்கம் திருப்பிப் போட்டேன். அம்மா அதன்மேல் ஏறி நின்றார். பென்சில் சுண்டுவிரலைச் சுற்றி வரும்போது கூச்சத்தில் சிரித்தார். அவர் காலை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். குதிகால் வெடிப்புகளில் இன்னும் ஒரு சாம்பல் நிறம் இருந்தது. உள்ளங்காலில் ஒரு நீளத் தழும்பு. கேட்டேன். பதினாறு வயதில் உளி விழுந்ததாம். அன்றைக்கும் நிரையை முடித்துவிட்டுத்தான் வந்தாராம்.

அட்டைக் காலைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கடை கடையாக ஏறினோம். ஆறாவது கடையில், ஆண்களுக்கான நடைச் சப்பாத்து ஒன்றில் அட்டை மடங்காமல் உட்கார்ந்தது. நூற்று எண்பத்தொன்பது வெள்ளி. அம்மா விலையைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு வேறு. குத்தகை நிறுவனத்தின் விதி முழுக் கறுப்பு. நான் வாங்கிவிட்டேன். பேத்தியின் பள்ளிச் சப்பாத்துக்கு வைத்திருந்த கறுப்பு மையை எடுத்து, அன்றிரவு உட்கார்ந்து அந்தக் கோட்டை நானே அழித்தேன். இரண்டு பூச்சு பிடித்தது.

வேலைக்குப் போட்டுப் போகுமுன் வீட்டிலேயே அரை மணி நேரம் நடந்து பழக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் சப்பாத்தா என்று அம்மா முரண்டு பிடித்தார். புதுசுதானே, மண் படாததுதானே என்று கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தோம். காலுறை போட்டு, நாடா கட்டத் தெரியாமல் என்னைக் கட்டச் சொல்லி, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். சாமி மேடை நடுவில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது மட்டும் குனிந்து, நாடாவை அவிழ்த்து, இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"இப்ப என்னாத்த சொல்றது. காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கிறப்ப கேளு."